பேங்க் கேட்ட டாக்டர் லெட்டர்: ஹார்மோனும் பணமும், ஒரு சின்ன வரலாறு

1/
போன மாசம் ஓபியில நடந்தது. யாருன்னு அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

48 வயசு அம்மா. வீட்டுக்காரர் இல்லை. கூட வந்தது மகன், 27-28 இருக்கும். ராத்திரி தூக்கம் இல்லை, திடீர்னு உடம்பெல்லாம் அனல் அடிக்குது, வேர்த்துக் கொட்டுது, 5 மாசமா பீரியட்ஸ் வரலை. கேட்கும்போதே புரிஞ்சுடுச்சு, மெனோபாஸை நெருங்கிட்டாங்க.

2/
ஓபி சீட்டுல எழுதி முடிச்சதும் மகன் மெதுவா கேட்டார்:

"மேடம், அம்மாவுக்கு இப்ப ஹார்மோன் பிரச்சனை, பண விஷயத்துல சரியா முடிவெடுக்க முடியாதுன்னு ஒரு லெட்டர் தர முடியுமா? பேங்க்ல காட்டணும்."

அம்மா பேர்ல ஒரு ஃபிக்ஸட் டெபாசிட் இருக்கு. அதை உடைக்கச் சொல்றார் மகன். அம்மா கையெழுத்து போட மாட்டேங்கிறாங்க. அவங்க மனசு சரியில்லைங்கிறதுக்கு மகன் வச்சிருந்த ஆதாரம் அந்த மறுப்பு ஒன்னுதான்.

3/
அப்படி ஒரு லெட்டரைக் காட்டினா எந்த பேங்கும் பணத்தைத் தூக்கிக் கொடுக்காது. அது அவருக்கும் தெரிஞ்சிருக்கும்னு நினைக்கிறேன். பேங்க்ல காட்டுறதை விட, வீட்ல அம்மாகிட்ட காட்டத்தான் கேட்டிருப்பார்.

லெட்டர் தரலை. அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு கடைசியில சொல்றேன். ஆனா டூட்டி முடிஞ்சு வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடலை. ஏன்னா இதே மாதிரி லெட்டரை கடன் கொடுக்கிற நிறுவனங்களே டாக்டர்கள்கிட்ட இருந்து கேட்டு வாங்கின காலம் ஒன்னு இருந்தது. டாக்டர்களும் எழுதிக் கொடுத்திருக்காங்க. ரொம்பப் பழைய காலமும் இல்லை. 1970-கள், அமெரிக்கா.

கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க.

4/
முதல்ல அந்த வார்த்தையோட கதை.

1902-ல லண்டன்ல பேலிஸ், ஸ்டார்லிங்னு ரெண்டு உடலியல் விஞ்ஞானிகள், சிறுகுடல்ல இருந்து வர்ற ஒரு ரசாயனம் ரத்தம் வழியாப் போய் கணையத்தை வேலை செய்ய வைக்குதுன்னு காட்டினாங்க. அதுதான் செக்ரெட்டின். 1905-ல ஸ்டார்லிங் ஒரு சொற்பொழிவுல இந்த மாதிரி ரசாயனத் தூதுவர்களுக்கு 'ஹார்மோன்'னு பேர் வச்சார். தூண்டிவிடுறதுங்கிற அர்த்தம் வர்ற கிரேக்கச் சொல்லில இருந்து வந்த பேர்.

5/
அடுத்த 40 வருஷத்துல ஒவ்வொன்னா பிடிபட்டுது. 1929-ல ஈஸ்ட்ரோஜன் குடும்பத்துல முதல் ஹார்மோனைப் பிரிச்சு எடுத்தாங்க. 1935-ல டெஸ்டோஸ்டீரோன். 1948-ல கார்டிசோனை முதன்முதலா ஒரு மூட்டுவாத நோயாளிக்குக் கொடுத்து, படுத்துக் கிடந்தவங்க நடக்கிறதைப் பார்த்தாங்க.

மருத்துவத்துக்கு இது பொற்காலம். ஆனா ஒரு பழைய பழக்கமும் இதுக்குள்ள சத்தமில்லாம குடியேறிச்சு.

6/
பெண்ணோட கோபம், அழுகை, பிடிவாதம் எல்லாத்துக்கும் கர்ப்பப்பைதான் காரணம்னு 2000 வருஷத்துக்கும் மேல சொல்லிட்டு வந்திருக்காங்க. 'ஹிஸ்டீரியா'ங்கிற வார்த்தையே கர்ப்பப்பைக்கான கிரேக்கச் சொல்லில இருந்து வந்ததுதான். ஹார்மோன் வந்ததும் குற்றவாளியோட பேரை மட்டும் மாத்திக்கிட்டாங்க.

1931-ல நியூயார்க் மகப்பேறு மருத்துவர் ராபர்ட் ஃபிராங்க், மாதவிடாய்க்கு முந்தின நாட்கள்ல வர்ற அவஸ்தையை ஹார்மோனோட இணைச்சு எழுதினார். அந்த நோயாளிகள் பட்ட கஷ்டம் நிஜம், அதை ஒரு டாக்டர் கவனிச்சதும் நல்ல விஷயம். 1966-ல ராபர்ட் வில்சன்னு இன்னொரு நியூயார்க் டாக்டர் மெனோபாஸையே ஒரு குறைபாட்டு நோய்னு சொல்லி புத்தகம் போட்டார். புத்தகம் சக்கைப்போடு போட்டுச்சு. மாத்திரைக் கம்பெனிப் பணம் அவருக்குப் போனது பின்னாடி வெளிய வந்தது.

7/
சிலருக்கு வர்ற அவஸ்தை, எல்லாப் பெண்களுக்கும் இருக்கிற குணமா மாறினது இப்படித்தான். அது ஆஸ்பத்திரியோட நிக்கலை. பணம் இருக்கிற இடத்துக்கும் போச்சு.

8/
நியூயார்க் பங்குச்சந்தை 1792-ல ஆரம்பிச்சது. அங்க தன் பேர்ல சீட் வாங்கின முதல் பெண் மியூரியல் சீபர்ட். தேதி 1967 டிசம்பர் 28. அதாவது 175 வருஷம் கழிச்சு.

உறுப்பினர் ஆகணும்னா ஏற்கனவே உறுப்பினரா இருக்கிற ஒருத்தர் பரிந்துரைக்கணும். அவங்க கேட்ட முதல் 9 பேரும் மாட்டேன்னுட்டாங்க. சீட்டோட விலை 4,45,000 டாலர். அதுல 3,00,000 டாலருக்கு பேங்க் கடன் தரும்னு லெட்டர் கொண்டு வாங்கன்னு பங்குச்சந்தை கேட்டுச்சு. பேங்க்ல போய் நின்னா, பங்குச்சந்தை முதல்ல உங்களைச் சேர்த்துக்கட்டும், அப்புறம் லெட்டர் தர்றோம்னு சொன்னாங்க. மாத்தி மாத்தி அலையவிட்டாங்க.

9/
ஒருவழியா சேர்ந்தாங்க. 1,365 ஆண்கள், அவங்க ஒருத்தர். அடுத்த 10 வருஷத்துக்கும் கிட்டத்தட்ட அதே கணக்குதான்.

ஒரு சின்ன விஷயம் சொல்றேன். அந்தக் கட்டடத்துல உறுப்பினர்கள் சாப்பிடுற கிளப் இருந்த மாடியில பெண்களுக்குக் கழிவறை கிடையாது. கட்டித் தரலைன்னா எடுத்துட்டுப் போற கழிவறையைக் கொண்டு வந்து இங்கேயே வைப்பேன்னு அவங்க மிரட்டின பிறகுதான் வந்தது. வருஷம் 1987. நைட் டூட்டி ரூம்ல லேடி டாக்டர்களுக்குத் தனி பாத்ரூம் இல்லாம அவதிப்பட்டவங்களுக்கு இந்தக் கதை நல்லாவே புரியும்.

(லண்டன் பங்குச்சந்தை பெண்களை உறுப்பினரா சேர்த்தது 1973-ல.)

10/
இது மேல்மட்டம். சாதாரண குடும்பங்கள்ல என்ன நடந்தது?

புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வேலைக்குப் போறாங்க. வீட்டுக் கடன் கேட்கிறாங்க. மனைவி பிள்ளை பெத்துக்கிற வயசுல இருந்தா, அவங்க சம்பளத்தைப் பாதியா கணக்குல எடுப்பாங்க, இல்லைன்னா எடுக்கவே மாட்டாங்க. முழுசா எடுக்கணுமா? டாக்டர்கிட்ட லெட்டர் வாங்கிட்டு வரணும். கர்ப்பப்பை எடுத்தாச்சு, கருத்தடை பண்ணியாச்சு, இல்லை கருத்தடை மாத்திரை சாப்பிடுறாங்க, இப்படி ஏதாவது ஒன்னு அதுல இருக்கணும்.

இதுக்கு அங்க இருந்த பேரே 'பேபி லெட்டர்'.

11/
யோசிச்சுப் பாருங்க. ஒரு பெண் மாசாமாசம் வாங்குற சம்பளம் நம்பகமானதா இல்லையான்னு முடிவு பண்ண, கடன் அதிகாரி அவங்க சம்பள ரசீதைப் பார்க்கலை. அவங்க கர்ப்பப்பையைப் பத்தி டாக்டர் எழுதின காகிதத்தைப் பார்த்தார். அந்தக் காகிதத்துக்குக் கீழ கையெழுத்து எங்க இனத்தோடது.

ஓபியில மகன் லெட்டர் கேட்டப்போ எனக்கு உறைச்சது இதுதான். மெனோபாஸ் அந்த அம்மாவோட உடம்புல நடக்குது. ஆனா அதை வச்சு அவங்க பணத்தைத் தொட ஒரு டாக்டர் கையெழுத்து தேவைப்படுது. அன்னைக்கும் தேவைப்பட்டுச்சு.

12/
இப்ப 1970. இந்தக் கதையோட முக்கியமான கட்டம்.

அமெரிக்க ஜனநாயகக் கட்சியில ஒரு குழு. நாட்டுக்கு எதெல்லாம் முன்னுரிமைன்னு பேசுறதுக்காகப் போட்டது. ஏப்ரல் மாசக் கூட்டத்துல, ஹவாய் மாநில எம்.பி. பாட்ஸி மிங்க், பெண்கள் உரிமையையும் அந்தப் பட்டியல்ல சேர்க்கணும்னு சொன்னாங்க. அதே குழுவுல இருந்தவர் எட்கர் பெர்மன். ஓய்வுபெற்ற சர்ஜன். துணை அதிபரா இருந்த ஹூபர்ட் ஹம்ஃப்ரியோட நண்பர், அவருக்கு மருத்துவர்.

13/
பெரிய பொறுப்புகளுக்குப் பெண்கள் சரிப்பட மாட்டாங்க, மாதவிடாயும் மெனோபாஸும் காரணம்னு பெர்மன் சொன்னார். ரெண்டு உதாரணமும் கொடுத்தார்.

ஒன்னு, பேங்க். நீங்க பணம் போட்டிருக்கிற பேங்கோட தலைவர், ஹார்மோன் கொந்தளிக்கிற அந்த நேரத்துல, ஒரு கடனுக்கு ஒப்புதல் கொடுக்கிறதை நீங்க விரும்புவீங்களா?

இன்னொன்னு, வெள்ளை மாளிகை. மெனோபாஸ் வயசுல ஒரு பெண் அதிபர் உட்கார்ந்து கியூபா மாதிரி ஒரு நெருக்கடியில முடிவெடுக்க வேண்டி வந்தா என்ன ஆகும்?

அந்த வருஷக் கோடையில இது பத்திரிகைகளுக்கு வந்து நாடு முழுக்க சண்டையாச்சு.

14/
பாட்ஸி மிங்க் பத்தி ரெண்டு வரி. அவங்களுக்கு ஆசை டாக்டராகணும்னு. 1940-களோட கடைசியில பல மெடிக்கல் காலேஜ்களுக்கு விண்ணப்பம் போட்டாங்க. ஒரு இடத்துல கூட எடுத்துக்கலை. அதனாலதான் சட்டம் படிச்சாங்க. 1964-ல எம்.பி. ஆகி, வெள்ளையர் இல்லாத பெண்கள்ல அமெரிக்க காங்கிரஸுக்குப் போன முதல் ஆள் ஆனாங்க. டாக்டர் ஆகவிடாம தடுக்கப்பட்ட ஒருத்தருக்கு முன்னாடி உட்கார்ந்துதான் ஒரு டாக்டர் இந்தப் பாடத்தை எடுத்திருக்கார்.

பெர்மனைக் குழுவில இருந்து நீக்கச் சொல்லி அவங்க ஹம்ஃப்ரிக்குக் கடிதம் எழுதினாங்க.

15/
ஆனா பெர்மனை மருத்துவத்துக்குள்ளேயே வச்சு மடக்கினது இன்னொருத்தர். எஸ்டெல் ரேமி. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்துல ஹார்மோன்கள் பத்தி ஆராய்ச்சி பண்ணின பேராசிரியர். பெர்மன் சர்ஜன், இவங்களுக்குத் தொழிலே ஹார்மோன்.

அவங்க கேட்டது எளிமையான விஷயம். கியூபாவை உதாரணம் சொல்றீங்களே, 1962-ல அந்த நெருக்கடி வந்தப்போ நாற்காலியில இருந்தது யாரு? ஜான் எஃப். கென்னடி. அவருக்கு இருந்தது என்ன நோய்? அடிசன் நோய். ஹார்மோன் குறைபாட்டு நோய்களிலேயே கடுமையான வகை.

16/
கென்னடியோட கதை எங்க பாடப்புத்தக கேஸ் மாதிரி இருக்கும். 1947-ல லண்டன்ல கண்டுபிடிச்சாங்க. அட்ரினல் சுரப்பி வேலை செய்யலைன்னா கார்டிசால் வராது. கார்டிசால் இல்லாம உடம்பு ஒரு சாதாரணக் காய்ச்சலைக்கூடத் தாங்காது. தொடைத் தோலுக்கு அடியில ஹார்மோன் வில்லைகளைப் பதிச்சு வச்சாங்க. அப்புறம் கார்டிசோன் மாத்திரை.

1954-ல முதுகு ஆபரேஷன். அடுத்த வருஷம் ஒரு சர்ஜரி இதழ்ல, அடிசன் நோய் இருக்கிற 37 வயசு ஆணுக்கு எப்படி ஆபரேஷன் பண்ணினோம்னு பேர் போடாம ஒரு கட்டுரை வந்தது. அந்த 37 வயசு ஆண் கென்னடிதான்னு 1967-ல ஒரு டாக்டர் கண்டுபிடிச்சுச் சொன்னார். 1960 தேர்தல்ல அவர் தரப்பு இந்த நோயை மறுத்திருந்தது. 2002-ல அவரோட மருத்துவப் பதிவுகள் ஆய்வுக்குத் திறந்தப்போ, அவர் எடுத்துக்கிட்ட மருந்துப் பட்டியல்ல டெஸ்டோஸ்டீரோனும் இருந்தது.

17/
இதைச் சொல்றது கென்னடியைக் குறைச்சுப் பேச இல்லை. மாத்திரை எடுத்துக்கிட்டு வேலையைப் பார்த்தார். அணு ஆயுதப் போர் வராம அந்த 13 நாளைக் கடந்தார். ஹார்மோன் நோய் இருந்தும் ஒருத்தர் தெளிவா முடிவெடுக்கலாம்னு அவரே சாட்சி.

நோயே இல்லாத கோடிக்கணக்கான பெண்களுக்கு, இயற்கையா நடக்கிற ஒன்னுக்காக, அந்தச் சலுகை கிடைக்கலைங்கிறதுதான் ரேமியோட வாதம்.

18/
பெர்மன் குழுவில இருந்து விலகினார். ரேமி 1972-ல ஆண்களுக்கும் உடல் சுழற்சி உண்டுன்னு ஒரு கட்டுரை எழுதினாங்க. 1974 அக்டோபர்ல அமெரிக்காவுல சமக் கடன் வாய்ப்புச் சட்டம் வந்தது. ஆணா பெண்ணா, கல்யாணம் ஆச்சா இல்லையான்னு பார்த்துக் கடனை மறுக்கக் கூடாது. அந்தச் சட்டத்துக்கான விதிகள்ல, கருத்தடை பண்றீங்களா, பிள்ளை பெத்துக்கப் போறீங்களான்னு கேட்கவே கூடாதுன்னு வந்தது. பேபி லெட்டர் அதோட செத்தது.

19/
பெர்மனோட பேங்க் உதாரணத்துக்கு என்ன ஆச்சு?

1977-ல நியூயார்க் மாநிலத்தோட வங்கிக் கண்காணிப்பாளரா ஒருத்தரை நியமிச்சாங்க. அந்த மாநிலத்துல இருந்த எல்லா மாநில வங்கிகளுக்கும் மேல அதிகாரி. அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். நம்ம மியூரியல் சீபர்ட்தான். ஐம்பதை ஒட்டின வயசு. பெர்மன் பயந்த அதே வயசு. வட்டி விகிதம் தாறுமாறா ஏறி, நாட்டுல பல இடங்கள்ல வங்கிகள் தடுமாறின காலம். 1982 வரைக்கும் இருந்தாங்க. அவங்க காலத்துல நியூயார்க்கில ஒரு வங்கியும் திவாலாகலை.

20/
இனி கதையோட ரெண்டாவது பாதி. இத்தனை வருஷமா யாரும் பரிசோதிக்காம விட்டது ஆண்களோட ஹார்மோனை.

2001-ல பார்பர், ஓடீன்னு ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் ஒரு பங்குத் தரகு நிறுவனத்துல இருந்து 35,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களோட 6 வருஷக் கணக்குகளை எடுத்துப் பார்த்தாங்க. ஆண்கள் பெண்களை விட 45 சதவீதம் அதிகமா வாங்கி விற்கிறாங்க. அப்படி வாங்கி விற்கிறதாலேயே வருஷத்துக்கு ஆண்கள் இழந்த லாபம் 2.65 சதவீதப் புள்ளி. பெண்கள் இழந்தது 1.72. இவங்க ஹார்மோனை அளக்கலை. அளவுக்கு மீறின தன்னம்பிக்கைதான் காரணம்னு சொன்னாங்க.

21/
ஹார்மோனை அளந்தவர் ஜான் கோட்ஸ். முன்னாடி வால் ஸ்ட்ரீட்ல டிரேடிங் மேஜை நடத்தினவர். டாட்காம் குமிழி ஊதின காலத்துல கூட வேலை பார்த்த ஆண்கள் போதை ஏறின மாதிரி நடந்துக்கிறதைப் பார்த்து, வேலையை விட்டுட்டு கேம்பிரிட்ஜுக்கு ஆராய்ச்சி பண்ணப் போனார்.

லண்டன்ல ஒரு டிரேடிங் அறை. 17 ஆண் டிரேடர்கள். தொடர்ந்து 8 வேலை நாள். தினமும் காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை எச்சில் மாதிரி எடுத்தாங்க. ஹெர்பர்ட்டோட சேர்ந்து 2008-ல முடிவை வெளியிட்டார்.

22/
காலையில டெஸ்டோஸ்டீரோன் அதிகமா இருந்த நாட்கள்ல அவங்க லாபமும் அதிகம். நல்லா சம்பாதிச்ச நாள்ல டெஸ்டோஸ்டீரோன் இன்னும் ஏறுது. ஜெயிச்சா ஏறுது, ஏறினா இன்னும் துணிச்சல். இது ஒரு சுழல். ஒரு கட்டத்துக்கு மேல துணிச்சல் முட்டாள்தனமா மாறலாம்னு கோட்ஸ் சந்தேகப்பட்டார்.

கார்டிசால் இன்னும் சுவாரசியம். பணத்தை இழந்ததால அது ஏறலை. அடுத்து என்ன நடக்கும்னு தெரியாத நிலைமையிலதான் ஏறுச்சு. சந்தை எவ்வளவு ஆடுதோ அவ்வளவு கார்டிசால்.

23/
2014-ல அடுத்த படி. 36 தன்னார்வலர்கள். நாங்க வார்டுல தினமும் எழுதுற அதே ஹைட்ரோகார்டிசோனை 8 நாள் கொடுத்து, கார்டிசாலை 69 சதவீதம் ஏத்தினாங்க. சந்தை ஆட்டம் கண்ட நாட்கள்ல டிரேடர்கள் உடம்புல ஏறின அளவுக்குச் சமமா. 8 நாள் கழிச்சு அதே ஆட்கள் பண விளையாட்டுல ரிஸ்க் எடுக்கவே பயந்தாங்க.

நெருக்கடி நீண்டுக்கிட்டே போனா எல்லாரும் ஒரே நேரத்துல ஒதுங்கிடுறதுக்கும், சந்தை இன்னும் விழுறதுக்கும் இது ஒரு காரணமா இருக்கலாம்னு அவங்க எழுதினாங்க.

24/
2008-ல லேமன் பிரதர்ஸ் கவிழ்ந்த பிறகு, அது லேமன் சிஸ்டர்ஸா இருந்திருந்தா நிலைமை வேற மாதிரி இருந்திருக்கும்னு கிறிஸ்டின் லகார்ட் பேசினது பிரபலம். நமக்கும் கேட்க இனிப்பாத்தான் இருக்கு. பழி வாங்கின திருப்தி.

ஆனா டாக்டரா இங்க நான் கொஞ்சம் நிதானிக்கணும். 17 பேரை வச்சு உலகத்து ஆண்கள் எல்லாரையும் எடை போட்டா, பெர்மன் பண்ணினதைத்தான் நானும் பண்றேன். டெஸ்டோஸ்டீரோன் பத்தி பிறகு வந்த ஆய்வுகளும் ஒரே குரல்ல பேசலை. சிலதுல விளைவு தெரிஞ்சது, சிலதுல தெரியலை.

25/
எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆய்வு ஒன்னு. 2009, சுவீடன். மெனோபாஸ் முடிஞ்ச 200 பெண்கள். குலுக்கல் முறையில மூணு குழுவா பிரிச்சாங்க. ஒரு குழுவுக்கு ஈஸ்ட்ரோஜன், ஒரு குழுவுக்கு டெஸ்டோஸ்டீரோன், ஒரு குழுவுக்கு வெத்து மாத்திரை. 4 வாரம். யாருக்கு எதுன்னு அவங்களுக்கும் தெரியாது, கொடுக்கிறவங்களுக்கும் தெரியாது. கடைசியில பணத்தை வச்சு சோதனை: எவ்வளவு ரிஸ்க் எடுக்கிறாங்க, எவ்வளவு நம்புறாங்க, எவ்வளவு விட்டுக்கொடுக்கிறாங்க.

மூணு குழுவுக்கும் நடுவுல வித்தியாசமே இல்லை.

பெர்மன் கேட்ட கேள்விக்கு ஒழுங்கான முறையில பதில் கிடைக்க 39 வருஷம் ஆச்சு.

26/
அப்போ ஹார்மோனுக்கும் பணத்துக்கும் சம்பந்தமே இல்லையான்னு கேட்டா, இருக்கு. தினமும் பார்க்கிறோம். ஆனா அது வேற இடத்துல இருக்கு.

அதிக டோஸ் ஸ்டீராய்டு எடுக்கிற சிலருக்கு மனநிலை எகிறும். தூங்காம, படபடன்னு பேசி, கையில இருக்கிறதை எல்லாம் செலவு பண்ணுவாங்க. தைராய்டு அதிகமா சுரந்தாலும் படபடப்பும் அவசரமும் வரும்.

பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கிற பிரமிபெக்ஸோல் மாதிரி டோபமைன் மருந்துகளால, வாழ்க்கையில சூதாடாத ஆட்கள் சூதாட ஆரம்பிச்சாங்க. 2005-ல ஒரு அமெரிக்க மருத்துவக் குழு 11 நோயாளிகளை வச்சு எழுதின பிறகு இது பரவலா தெரிஞ்சது. புரோலாக்டின் ஹார்மோன் அதிகமானா நாங்க கொடுக்கிற கேபர்கோலினும் இதே குடும்பம்தான்.

27/
இந்த மருந்துகள் எடுக்கிறவங்க வீட்டுல திடீர்னு கடன், ஆன்லைன் ரம்மி, தேவையில்லாத பொருள் குவியுதுன்னா வெட்கப்படாம டாக்டர்கிட்ட சொல்லுங்க. டோஸைக் குறைச்சாலோ மருந்தை மாத்தினாலோ பெரும்பாலும் சரியாகிடும். நீங்களா மட்டும் மருந்தை நிறுத்திடாதீங்க, ஆபத்து.

மெனோபாஸ் நேரத்துல சிலருக்கு மறதி, கவனம் சிதறுறது வரலாம். பெரும்பாலும் லேசானது, கொஞ்ச காலத்துல சரியாகிறது. பாதித் தொல்லைக்குத் தூக்கம் இல்லாததே காரணமா இருக்கும். அதுக்கு மருத்துவம் இருக்கு. வந்து பாருங்க.

28/
ஒருத்தரால முடிவெடுக்க முடியுமான்னு தெரிஞ்சுக்க, நோயோட பேரைப் பார்த்து நாங்க எழுதுறதில்லை. நாலு விஷயம் பார்ப்போம். சொன்னது புரியுதா, ஞாபகம் வச்சுக்க முடியுதா, நல்லது கெட்டதை நிறுத்துப் பார்க்க முடியுதா, முடிவைத் தெளிவா சொல்ல முடியுதா. மத்தவங்களுக்கு அந்த முடிவு பிடிக்குதாங்கிறது இந்த நாலுல இல்லை.

இப்ப அந்த அம்மாகிட்ட வர்றேன். மகனைக் கொஞ்சம் வெளியில இருக்கச் சொல்லிட்டு அவங்ககிட்ட தனியா பேசினேன்.

29/
"டெபாசிட் எவ்வளவும்மா?"
"3 லட்சம் டாக்டரம்மா. எங்கப்பா நிலத்துல எனக்கு வந்த பங்கு."
"எப்ப முதிருது?"
"மாசியில. இப்ப உடைச்சா வட்டியில பிடிச்சுக்குவாங்க."
"எதுக்கு வச்சிருக்கீங்க?"
"சின்னவ நர்சிங் படிக்கிறா. கடைசி வருஷத்து ஃபீஸ்."

அப்புறம் அவங்களாவே சொன்னாங்க: "எங்க குழுவுல 12 பேருக்கு நான்தான் கணக்கு எழுதுறேன். 9 வருஷமா ஒரு ரூபா தப்பினதில்லை. அவன் போன்ல ஏதோ ஆப்ஷனாம், அதுல விட்டுட்டான். விட்டதைப் பிடிக்கணுமாம்."

நாலு கேள்விக்கும் பதில் வந்துடுச்சு.

30/
2021-22 முதல் 2023-24 வரைக்கும் மூணு வருஷத்துல இந்த ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பக்கம் போன தனிநபர்கள்ல 93 சதவீதம் பேருக்கு நஷ்டம்னு செபியே 2024-ல சொல்லியிருக்கு. மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல. அந்தப் பையனை ஹார்மோன் டெஸ்ட் எடுத்துட்டு வா, அப்புறம் டிரேட் பண்ணுன்னு யாரும் சொல்லலை. சொல்லவும் வேண்டாம்.

அவரை உள்ள கூப்பிட்டுப் பேசினேன். திட்டலை. எவ்வளவு விட்டீங்கன்னு கேட்டதும் தலையைக் குனிஞ்சுட்டார். தூக்கம் எப்படின்னு கேட்டேன். மூணு மாசமா சரியில்லையாம். காலையில 9.15 ஆனா கை தானா போனுக்குப் போகுதாம். இவரும் நோயாளிதான், கூட வந்தவர்ங்கிற பேர்ல வந்திருக்கார். மனநல ஓபிக்கு எழுதிக் கொடுத்தேன். நேர்ல வரத் தயக்கம்னா டெலி மானஸ் 14416, இலவசம், தமிழ்ல பேசலாம்னும் சொன்னேன்.

31/
அம்மாவுக்கு தைராய்டு, சர்க்கரை, ரத்த அளவு பார்த்தோம். ரத்தம் மட்டும் கொஞ்சம் கம்மி. இரும்புச்சத்து மாத்திரையும், அனல் அடிக்கிறதுக்கு மருந்தும் கொடுத்து 3 வாரம் கழிச்சு வரச் சொன்னேன்.

நேத்து வந்தாங்க. தனியாத்தான் வந்தாங்க. ராத்திரி 5 மணி நேரம் தூங்குறாங்களாம். மகன் மனநல ஓபிக்கு ஒரு தடவை போயிருக்கார், அடுத்த தடவை போவாரான்னு அவங்களுக்குத் தெரியலை. டெபாசிட் இன்னும் உடையலை.

32/
உங்க வீட்லயும் 45-50 வயசுல ஒரு அம்மா, அக்கா, மனைவி இருப்பாங்க. அவங்க பணத்தைப் பத்தி ஒரு முடிவு சொல்லி அது உங்களுக்குப் பிடிக்கலைன்னா, அந்த முடிவைப் பத்தி வாதாடுங்க. கணக்கைக் காட்டிப் பேசுங்க. அவங்க மாதவிடாய் தேதியை நடுவுல இழுக்காதீங்க. அதுக்கு எங்ககிட்ட லெட்டரும் கேட்காதீங்க.

சந்தேகம் இருந்தா கமெண்ட்ல கேளுங்க. நைட் டூட்டி முடிஞ்சு காலையில பதில் சொல்றேன்.